கல்யாணம் இல்லை, வாங்க

எங்கள் படத்துக்கு விளம்பரம் செய்யும் வேலை ஜஸீலாவின், அதாவது என், தலையில் கட்டப்பட்டது என்று அரவிந்தன் சொல்லிக்கொண்டு திரிகிறான். பொய். அது நானே கேட்டு வாங்கிய வேலை. டைரக்‌ஷன் எனக்கு, கேமரா உனக்கு என்று பையன்கள் பங்கு போட்டுக்கொண்டபோது, மிச்சம் மீதியைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று நினைத்தார்கள். பார்க்க ஆள் வராத படத்தைப் பென்டிரைவில் போட்டு பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது அவர்களுக்கு அப்போது தெரியவில்லை.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். வீடு நீடாமங்கலத்தில். அத்தா அஹமது கபீர் கடைத்தெருவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். காலையில் பஸ், சாயங்காலம் பஸ். அரவிந்தனும் அதே பஸ்தான். அவனுடைய ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். படமெடுத்ததும் அவன் ஊரில்தான்.

படத்தின் பெயர் 'ரெண்டாவது மாலை'. இருபத்திரண்டு நிமிஷம். ஒருவருக்கு அறுபது வயது முடிகிறது. பிள்ளைகள் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்கிறார்கள். பட்டுப்புடவை, வேன், சமையல்காரர் எல்லாம் தயார். மாலையை எடுத்து நீட்டும்போதுதான் ஒன்று தெரியவருகிறது, அந்த அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் முடியாது என்கிறார். அவ்வளவுதான் கதை.

கணவராக நடித்தவர் அரவிந்தனின் பெரியப்பா வைரக்கண்ணு. மனைவியாக நடித்தவர் அதே ஊர் ஞானாம்பாள். வயது ஐம்பத்தேழு. கணவர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இருபது பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடவுக்குப் போவார். சுற்றுவட்டாரத்தில் சேறடித்து வயலைத் தயார் செய்தவர்கள் முதலில் ஃபோன் போடுவது அவருக்குத்தான். ஒரே மகன் பகலவன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார்.

இருவரும் முன்னப்பின்ன நடித்தவர்கள் இல்லை. வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டால் திரும்பியே பார்க்கவில்லை. "ராமலிங்கம்" என்று மூன்று தடவை கூப்பிட்டும் வைரக்கண்ணு பெரியப்பா மாட்டை அவிழ்த்துக்கட்டப் போய்விட்டார். வெறுத்துப்போன அரவிந்தன், கதாபாத்திரங்களுக்கும் அவர்கள் பெயரையே வைத்துவிட்டான். பின்னால் வந்த வம்பு முழுக்க அங்கேதான் தொடங்கியது. ஆனால் அதை ஊதிப் பெருக்கியவள் நான். அதை மறைக்கப் போவதில்லை.

அந்தக் கடைசிக் காட்சியை எடுத்த அன்று, வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் விழவைக்கும் வெள்ளிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அரவிந்தன் அந்த இடத்துக்கு ஒரு பக்க வசனம் எழுதியிருந்தான். கண்ணீர், தியாகம், அடுப்பங்கரை எல்லாம் அதில் இருந்தது. ஞானாம்பாள் அதை மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்தார். மாலையை நீட்டியதும் அதைப் பார்த்தார். வைரக்கண்ணு பெரியப்பாவைப் பார்த்தார். "எனக்கு வேண்டாம்" என்றார். அதோடு சரி. அடுத்த வரி வரும் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. கட் சொல்ல வேண்டிய அரவிந்தன் வாயைத் திறந்தபடி நின்றான். எழுதி வைத்த ஒரு பக்கமும் குப்பைக்குப் போனது. அந்த ஒரு வார்த்தைதான் இப்போது படம்.

அடுத்தது விளம்பரம். எங்கள் துறைத் தலைவர் செல்லதுரை சார் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். திரையிடலுக்குக் கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத நூறு பேராவது வர வேண்டும். வந்தால்தான் சென்னைப் போட்டிக்குக் கல்லூரி சார்பில் படத்தை அனுப்புவார். புரட்டாசி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும் என்பதால், நீடாமங்கலத்தில் ஒரு சின்ன மண்டபம் சுலபமாகக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி.

"மொதல்ல யோசனைகளைச் சொல்லுங்க. நல்லா இருக்கா இல்லையான்னு நான் சொல்ல மாட்டேன். உங்களை யாருன்னே தெரியாத இருபது பேர்கிட்ட போட்டுப் பாருங்க, அவங்க சொல்லுவாங்க" என்றார் சார்.

அரவிந்தன் எழுந்து போர்டில் எழுதினான். ஒன்று, பஸ் ஸ்டாண்டில் பத்துக்கு எட்டு ஃபிளெக்ஸ். அதில் படத்தின் ஸ்டில்லைவிடப் பெரிதாக, கறுப்புக் கண்ணாடி போட்ட அவன் முகம். இரண்டு, ரீல்ஸ். மூன்று, ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாக அறிவிப்பு.

எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். "ஃபிளெக்ஸ்ல உன் மூஞ்சியைப் பாத்தா காதுகுத்துன்னு நெனச்சிட்டுப் போயிடுவாங்க. ரீல்ஸ் பாக்குறவன் மதுரைல இருப்பான், மலேசியால இருப்பான், ஞாயித்துக்கிழமை நீடாமங்கலத்துக்கு வர மாட்டான். ஆட்டோ மைக் கேட்டா ஜன்னலைச் சாத்துவாங்க" என்றேன்.

"அப்ப நீ சொல்லு."

"நம்ம ஊர்ல ஜனங்க எதுக்குத் தவறாம வருவாங்க? பத்திரிகை வெச்சா வருவாங்க. பத்திரிகை வெப்போம்."

சொன்ன உடனே எனக்கே பிடித்துவிட்டது. சாரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பிடித்தால் அப்படித்தான் செய்வார்.

அத்தா கடை மேஜை டிராயரில் எப்போதும் ஒரு கட்டு பத்திரிகை இருக்கும். கடைக்காரருக்கு எல்லா மதத்திலும் சொந்தம் உண்டு. எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவும் வழக்கம் இல்லை. ஆனால் மற்றவர்கள் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அத்தாவுக்குக் கொடுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மஞ்சள் தடவிய பத்திரிகையை யாரும் கீழே போட மாட்டார்கள். பொட்டலம் மடிக்க மாட்டார்கள். அத்தாவே தேதி முடிந்த பிறகும் ஒரு வருஷம் வைத்திருப்பார். இதைவிட நல்ல விளம்பரத் தாள் எங்கே கிடைக்கும்?

டிராயரிலிருந்து ஓர் அறுபதாம் கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அதே மாதிரி அச்சடித்தேன். 'வைரக்கண்ணு – ஞானாம்பாள் அறுபதாம் கல்யாணம்' என்று பெரிதாக. கீழே ஊர்ப் பெயர், நாள், நேரம், மண்டபம், விவரங்களுக்கு என் செல் நம்பர். பின்பக்கத்தில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரியும்படி, 'இது ஒரு மாணவர் குறும்படம்'. முன்னால் போட்டால் சுவாரஸ்யம் போய்விடும் என்பது என் கணக்கு. அச்சானதும் அம்மாவின் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து, தண்ணீரில் குழைத்து, இருபத்தைந்து பத்திரிகையின் நான்கு மூலையிலும் நானே தடவினேன். விரல் இரண்டு நாளைக்கு மஞ்சளாக இருந்தது. அவ்வளவு பெருமை எனக்கு.

செவ்வாய்க்கிழமை காலை அவற்றைக் கடைத்தெருவில் கொடுத்தேன். உரக்கடை, மருந்துக்கடை, டீக்கடை, சலூன், அத்தா கடை. புரட்டாசியில் யூரியா வாங்க வராத விவசாயி உண்டா? மதியத்துக்குள் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. "மண்டபத்துக்கு எந்தப் பக்கமா வரணும்?" "சாப்பாடு உண்டுங்களா, டிஃபனா?" ஒருவர், "புரட்டாசில வெச்சிருக்கீங்களே?" என்று இழுத்தார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "அறுபதுக்கு மாசம் பாக்க வேணாங்க, பொறந்த நட்சத்திரம்தான் கணக்கு" என்று அவரை அடக்கியது. இன்னொரு அம்மா, "அங்க ஐயரு யாருங்க, திருக்கடையூர்க்காரரா?" என்று கேட்டார். புதன்கிழமை மதியத்துக்குள் நாற்பத்தோரு அழைப்பு. எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன். "நேர்ல வாங்க, எல்லாம் தெரியும்."

செல்லதுரை சாருக்குச் செய்தி அனுப்பினேன். "பிரமாதம்!" என்று பதில் வந்தது. அரவிந்தனிடம் அவனுடைய ஃபிளெக்ஸைப் பற்றி விசாரித்தேன். அவன் பேச்சை மாற்றினான். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

நாற்பத்திரண்டாவது அழைப்பு வெளிநாட்டு நம்பர்.

"ஏங்க, நான் பகலவன் பேசுறேன், ஷார்ஜாலேர்ந்து. பத்திரிகையில இந்த நம்பர்தான் போட்டிருக்கு. எங்கம்மாவுக்கு யாருங்க கல்யாணம் பண்ணி வெக்கிறது?"

"அண்ணே, அது கல்யாணம் இல்லண்ணே. படம். பத்திரிகைக்குப் பின்னாடி போட்டிருக்கு பாருங்க."

"பின்னாடியா? எனக்கு வந்தது முன்பக்கம் மட்டும்தாம்மா. எவனோ ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டிருக்கான். என் ரூம்ல இருக்கிற ஆறு பேரும் நம்ம பக்கத்துக்காரங்க. ஆறு ஃபோன்லயும் இருக்கு. நான் எப்படி வெளிய தலை காட்டுறது சொல்லுங்க? அம்மா ஃபோனை எடுக்க மாட்டேங்குது. படமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். அம்மாகிட்ட பேசி நிறுத்துறேன்."

வைத்துவிட்டார். ஒரு பத்திரிகைக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையே வாட்ஸப் விழுங்கிவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தோரு வயதில், நாள் முழுக்க ஃபோனும் கையுமாக இருக்கிற எனக்கு.

அரவிந்தனைப் பிடித்து என்ன நடக்கிறது என்று கேட்டேன். "பெரியப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. தலையைச் சீவிக்கிட்டு டீக்கடைக்குப் போறாரு, மாப்ள மாப்ளன்னு கூப்புட்டா சிரிக்கிறாரு. பெரியம்மாதான் ரெண்டு நாளா அவருக்குப் பழைய சோறு மட்டும் போடுது" என்றான்.

"ஞானாம்பாம்மா?"

அவன் செருப்பைப் பார்த்தான். "இன்னைக்கு அவங்ககூட நடவுக்கு நாலு பேர் வரல. வீட்டுக்காரங்க போவக்கூடாதுன்னுட்டாங்களாம்."

ஒரே பத்திரிகை, இரண்டு பெயர். ஒருவர் மாப்பிள்ளை ஆனார், இன்னொருவருக்கு ஆள் குறைந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று யோசித்தால் முதலில் என் முகம்தான் வந்து நின்றது. அதனால் கோபம் இன்னும் அதிகமானது.

வியாழக்கிழமை காலை கல்லூரிக்குப் போகவில்லை. நானும் அரவிந்தனும் நேராக வயலுக்குப் போனோம். பதினாறு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஞானாம்பாள் ஓரத்தில். எங்களைப் பார்த்தும் நிமிரவில்லை. அரவிந்தன் வரப்பிலேயே நின்றுகொண்டான். நான் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை கால் புதைந்தது.

"அம்மா, நான் வேணும்னு பண்ணல" என்றேன்.

"நாத்து மேல நிக்காத."

நகர்ந்தேன். "நாப்பத்தோரு பேரு கூப்பிட்டாங்கம்மா. எல்லாரும் வரேன்னாங்க. அதான் நான்..."

"எதுக்கு வரேன்னாங்க?"

"கல்யாணத்துக்கு."

அவர் கை நிற்கவில்லை. கட்டிவைத்த நாற்று முடியிலிருந்து நாலு நாற்றைப் பிரித்து ஊன்றினார், இன்னொரு நாலு. "படத்துல நான் என்னத்தச் சொன்னேன்?"

"வேண்டாம்னு சொன்னீங்க."

"நீ என்னத்த அடிச்சிருக்க?"

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊரு பேசுறது கெடக்கு. எம்புருசன் போனன்னைலேர்ந்து பேசிக்கிட்டுதான் இருக்கு. இந்த நாலு பேரும் நாளன்னைக்கி வந்துருவாளுவ, அவளுவளுக்கு வேற எங்க வேலை இருக்கு? பகலவனையும் நான் சமாளிச்சுக்குவேன்." இப்போதுதான் நிமிர்ந்தார். "ஆனா நீ பக்கத்துலதான நின்ன? பளபளன்னு ஒரு பலகையப் புடிச்சிக்கிட்டு. நான் வேணாம்னு சொன்னதக் கண்ணால பாத்தவ நீ. பாத்துட்டும், நான் கல்யாணத்துக்குத் தயாரா நிக்கிற மாதிரி அச்சடிச்சு, மஞ்சள வேற தடவியிருக்க. அந்த ஒரு வார்த்தையச் சொல்லத்தான நான் நடிக்க வந்தேன்? அதையே இல்லன்னு ஆக்கிட்டியே. படத்தப் போட வேணாம்."

வெட்கமாக இருந்தது. திட்டியதற்காக இல்லை. படத்தின் உயிரே அந்த வார்த்தை என்று ஊருக்கு முன்னால் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். ஆள் சேர்க்கிற அவசரத்தில் அதைத் தூக்கிப் பின்பக்கத்தில்கூடப் போடவில்லை. எங்கேயுமே போடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தால் சேறாகும் என்று அப்படியே நின்றேன்.

அழுது என்ன ஆகப்போகிறது? எனக்கு வேலை தெரியும்.

"அம்மா, நீங்க திட்டினது நியாயம். நான் பண்ணது தப்பு" என்றேன். "ஆனா படத்தைப் போடலன்னா, கடைசில இந்தப் பத்திரிகைதான் நிக்கும். ஞானாம்பாளுக்குக் கல்யாணம் வெச்சாங்க, என்னமோ நின்னுபோச்சுன்னுதான் பேசுவாங்க. நீங்க வேண்டாம்னு சொன்னது யாருக்குமே தெரியாமப் போயிடும். வேற பத்திரிகை அடிக்கிறேன். முன்பக்கம் மட்டும்தான். பின்னாடி வெள்ளை. கல்யாணம் நடக்காதுன்னு போடுறேன். அதைப் போட்டே கூப்பிடுறேன்."

"நடக்காதுன்னு சொல்லிக் கூப்புடுவியா?"

"ஆமா. நடக்காத கல்யாணத்துக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி வரும். நம்ம ஊரை எனக்குத் தெரியும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஞானாம்பாள் சிரிக்கவில்லை. ஆனால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"யாரு கொண்டுட்டுப் போயி குடுப்பா?"

"நான்தான்."

"நீ குடுத்ததத்தான் பாத்தமே. நானும் வரேன். ஒன்கிட்ட ஃபோன்ல பேசுனாங்களே, அவுங்க வூடு எதுன்னு கேட்டு எழுதி வெய்யி. ஒரு வூடு வுடாமப் போவணும். என் வாயால சொல்லணும்."

நாற்று முடியை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீ எப்புடிக்கா வூடு வூடா பத்திரிகை வெக்கிறது? ஒன்னையெல்லாம்..." மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். கணவரை இழந்தவர் மங்கல காரியத்துக்குத் தட்டெடுத்துப் போகக்கூடாது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஞானாம்பாள் அவளைப் பார்த்தார். "கல்யாணம்னு சொல்லத்தான்டி நான் போவக்கூடாது. கல்யாணம் இல்லன்னு சொல்றதுக்கு நான் போவலாம்ல?"

வயலே சிரித்தது. அரவிந்தன் வரப்பிலிருந்து கை தட்டி, வழுக்கி, வாய்க்காலில் ஒரு காலை விட்டான். இதைவிடப் பெரிய விளம்பர யோசனை என் வாழ்க்கையில் எனக்கு வரப்போவதில்லை என்று அப்போதே தெரிந்தது. அது என்னுடைய யோசனை இல்லை என்பதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

வரப்பில் ஏறி, கையைக் கழுவி, அவர் மகனுக்கு ஃபோன் போட்டார். அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. இவர் முழுசாகக் கத்தி முடிக்க விட்டார். "ஆச்சா? ஏன்டா, எனக்குக் கல்யாணம்னா எனக்குத் தெரிய வேணாமா? எவனோ அனுப்புன ஃபோட்டோவ நம்புறவன், பெத்தவள ஒரு வார்த்தை கேட்டியா? 'இது என்னம்மா'ன்னு கேட்டியா? எடுத்த எடுப்புலயே நிறுத்துன்னு சொல்ற." அங்கே சத்தம் குறைந்தது. "நான் நடிச்சிருக்கேன். நல்லாத்தான் நடிச்சிருக்கேன். ஒன் ரூம்ல இருக்கிற ஆறு பேருக்கும் அனுப்பச் சொல்றேன், ஒக்காந்து பாருங்க. வெய்யி, வேலை கெடக்கு."

வெள்ளிக்கிழமை புதுப் பத்திரிகை வந்தது. வெள்ளை அட்டை, மஞ்சள் இல்லை. 'வைரக்கண்ணு – ஞானாம்பாள் அறுபதாம் கல்யாணம் நடைபெறாது. ஏன் என்று பார்க்க வாங்க. ரெண்டாவது மாலை, மாணவர் குறும்படம்.' எல்லாம் ஒரே அளவு எழுத்தில். செல்லதுரை சாருக்கு அனுப்பினேன். நன்றாக ஓடிய யோசனையை எதற்கு மாற்றினாய் என்று கேட்டார். அது எங்கள் படத்துக்கான யோசனை இல்லை சார், வேறு ஏதோ படத்துக்கானது என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். அரவிந்தன் ஒரு வண்டி, என் ஸ்கூட்டியில் நானும் ஞானாம்பாளும். "தாம்பாளம் ஏதாவது எடுத்துக்கணுமாம்மா?" என்று கேட்டேன். "கட்டப்பை போதும்" என்றார். நீலப்புடவை, பிழிந்து முடிந்த கொண்டை, நெற்றியில் திருநீறு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, இரண்டு கையாலும் அட்டையை நீட்டுவார். "நான்தான் அந்த ஞானாம்பாள். எனக்குக் கல்யாணம் இல்லீங்க. படத்துல நடிச்சேன். நாளைக்கு நாலு மணிக்கு வாங்க."

சாப்பாடு உண்டா என்று ஃபோனில் கேட்ட பெரியவர் இப்போதும் அதையே கேட்டார். "டீயும் சுண்டலும் உண்டு" என்று ஞானாம்பாள் சொல்லிவிட்டார். அது எங்கள் திட்டத்திலேயே இல்லை. அரவிந்தன் என்னைப் பார்த்தான், நான் ஆகாயத்தைப் பார்த்தேன். ஒரு வீட்டில் வாசற்படியிலேயே நிறுத்தி, "இதுக்கெல்லாம் வீடு வீடா வரணுமா, காலம் கெட்டுக் கெடக்கு" என்று கதவைச் சாத்தினார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறி, கதவைத் தட்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து, அட்டையைக் கதவு இடுக்கில் செருகிவிட்டு வந்தார். இன்னொரு வீட்டில் மூன்று பெண்கள் அவரை உட்காரவைத்து, என்ன நடந்தது என்று ஆதியிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, வண்டி வைத்து வருவதாகச் சொன்னார்கள். மதியம் நெருங்கும்போது வருகிறேன் என்றவர்களே எழுபதைத் தாண்டியிருந்தார்கள். நூறு வரும். எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசி வீடு கோரையாற்றங்கரையில் இருந்தது. "அங்க ஐயரு யாருங்க" என்று ஃபோனில் கேட்ட அம்மாவின் வீடு. பெயர் பிரகதீஸ்வரி என்று எழுதி வைத்திருந்தேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது இருக்கும். உள்ளே டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஞானாம்பாள் அட்டையை நீட்டினார். வாங்கிப் படித்த அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"நடைபெறாதுன்னா... யாருக்கும் ஏதும் ஆயிடுச்சா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. நான் வேணாம்னு சொல்லிட்டேன்."

"நீங்களா?"

"நான்தான்."

பிரகதீஸ்வரி அட்டையை மறுபடி படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. ஒருமுறை வீட்டுக்குள் பார்த்துவிட்டு, படியிறங்கி எங்களுக்குப் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்களுக்கு ஐப்பசில. திருக்கடையூர்ல தேதி குறிச்சாச்சு. பையன் சிங்கப்பூர்லேர்ந்து வரான், புடவைகூட எடுத்தாச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "அப்படிச் சொல்லலாங்களா? வேணாம்னு?"

நாள் முழுக்கப் பட் பட்டென்று பேசிக்கொண்டு வந்த ஞானாம்பாள் இங்கே உடனே பேசவில்லை. சொல்லலாம், தைரியமாகச் சொல்லுங்கள் என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அதை வீடியோ எடுக்க ஃபோனைக்கூட வெளியே எடுத்துவிட்டேன்.

"தெரியலம்மா" என்றார். "நெசத்துல நான் சொன்னதில்ல. பதினேழு வயசுல மாலையோட நிக்க வெச்சாங்க. யாரும் கேக்கல, நானும் சொல்லல. அப்பறம் இருபத்தெட்டு வருசம். அவுரு நல்ல மனுசன்தான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஒருநாளும் கேக்கல. எதையும் கேக்கல. இந்தப் புள்ளைங்க நடிக்கக் கூப்புட்டப்பதான் சொல்லிப் பாத்தேன். சொல்ல வந்துச்சு."

நான் ஃபோனை மறுபடி பையில் போட்டேன்.

"யாரு வாசல்ல?" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

பிரகதீஸ்வரி திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். "நாளைக்குச் சாயங்காலம் நான் வீட்ல இருக்க மாட்டேங்க. ஒரு எடத்துக்குப் போறேன்."

"நாளைக்கா? நாளைக்கு மச்சான் வராருல்ல? சமையல் செய்ய வேணாமா?"

அவர் அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். வாய் திறந்தது, மூடியது. ஞானாம்பாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தலைகூட அசைக்கவில்லை.

"வேணாம்" என்றார் பிரகதீஸ்வரி.

உள்ளே டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"எத்தன மணிக்குன்னு சொன்ன?"